விடிஞ்சதும் கண்ணு ஒட்டிக்கிச்சு

நாமக்கல், சேலம் பக்கமெல்லாம் பிள்ளையைக் கூப்பிடுவதே ‘கண்ணு’ என்றுதான். ‘‘கண்ணு, இங்க வா’’, ‘‘கண்ணு, சோறு தின்னியா?’’ அப்படிக் கூப்பிடப்படும் மூன்று வயதுக் கண்ணு ஒன்று, கொல்லிமலை திண்ணனூர் நாட்டில் ஒரு காலையில் எழுந்து கண்ணைத் திறக்க முடியாமல் அழுவதாக வைத்துக்கொள்வோம். இமை இரண்டும் ஒட்டிக் கிடக்கின்றன. இமைமுடியில் மஞ்சள் பீளை காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. அம்மாவும் அப்பாவும் மிளகு பறிக்க விடியுமுன்பே கிளம்பிவிட்டார்கள். வீட்டில் இருப்பது ஆயா மட்டும்.

‘‘விடிஞ்சதும் கண்ணு ஒட்டிக்கிச்சு, என்ன பண்றதுன்னே தெரியல’’ என்று ஆயா பக்கத்து வீட்டில் சொல்கிறார். அடுத்த கால் மணி நேரத்தில் நாலு வைத்தியம் வாசலுக்கு வந்துவிடும். தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடு. நந்தியாவட்டைப் பூவை நனைச்சு ஒத்து. விளக்கெண்ணெய் வை, சூடுதான், எறங்கிடும். போன வருஷம் எங்க பையனுக்கு வாங்கின சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கு, அதையே விடேன்.

இந்தக் கட்டுரை அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றியது. கண் மருத்துவமனைகளைப் பற்றியும் அறுவை சிகிச்சைகளைப் பற்றியும் நாம் நிறைய எழுதியாகிவிட்டது. மருத்துவமனைக்குப் போகுமுன்னும், போய் வந்த பின்னும், குழந்தையின் கண்ணைத் தொடப்போகிற கை ஒன்று இருக்கிறது. அந்தக் கைக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

காரவள்ளியில் இருந்து மலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதைச் சுற்றுலா வருகிறவர்கள் எண்ணிக்கொண்டே வருவார்கள். மலையில் இருப்பவர்களுக்கு அந்த வளைவுகள் ஒரு பகுதி தூரம்தான். கொல்லிமலையின் ஒவ்வொரு நாட்டிலும் வீடுகள் சிறு சிறு குக்கிராமங்களாகச் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு மரவள்ளிக் காட்டையும் வாழைத் தோட்டத்தையும் தாண்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கண்ணுக்கென்றே மருத்துவர் வேண்டுமென்றால் பெரும்பாலும் மலையிறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோதான் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். பஸ் காசு போகும். வெறும் பீளைக்காக எந்த ஆயாவும் அவ்வளவு தூரம் கிளம்ப மாட்டார். கிளம்பச் சொல்வதும் பல நேரம் தேவையில்லை. குழந்தைகளுக்கு வரும் சாதாரணக் கண்வலியில் பெரும்பகுதி வீட்டிலேயே சரியாகக் கூடியது. சரியாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்திருந்தால்.

எனக்கும் தெரிந்திருக்கவில்லை. என் மகனுக்கு இரண்டு வயதில் கண்வலி வந்தபோது ஒரு மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் குப்பியைக் கொடுத்தார்கள். ‘‘நாலு வேளை விடுங்க’’ என்றார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நானும் மனைவியும் அவனைப் பிடித்து அமுக்கினோம். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அலறினான். முதல் சொட்டு கன்னத்தில். இரண்டாவது மூக்கில். மூன்றாவது முறை குப்பியின் முனை அவன் இமைமுடியில் உரசியது. அந்த முனையில் ஒட்டிய பீளையோடு குப்பியை மூடி அலமாரியில் வைத்தேன். மறுவேளை அதையே அடுத்த கண்ணிலும் விட்டேன். இரண்டு பட்டம் வாங்கியவன் நான். அன்று எனக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: யாராவது ஒருவர், ‘‘எங்க, இப்ப நீங்க ஒரு தடவை விட்டுக் காட்டுங்க’’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

முதல் வேளை செவிலியர் முன்னால்

அந்த ஒரு வாக்கியம் 1990களின் நடுவிலேயே எழுதப்பட்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நோய்களை அணுக ஓர் ஒருங்கிணைந்த முறையை அப்போது வகுத்தன. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இல்லாத சின்ன சுகாதார நிலையத்துக்கான முறை அது. 2000களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து இந்தியா அதைத் தனக்கேற்றபடி அமைத்துக்கொண்டது. அதில் ஒரு பக்கம் முழுவதும் தாய்க்கானது. காதில் சீழ், வாய்ப்புண், கண்ணில் பீளை ஆகிய மூன்றையும் வீட்டிலேயே எப்படிக் கவனிப்பது என்று தாய்க்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறது அது.

கற்றுக்கொடுக்கும் விதத்தையும் அதுவே வரிசைப்படுத்துகிறது. என்ன மருந்து, எதற்கு என்று முதலில் சொல்ல வேண்டும். செய்து காட்ட வேண்டும். பிறகு முதல் வேளை மருந்தைத் தாயே, அங்கேயே, சுகாதாரப் பணியாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது போட வேண்டும். கிளம்புமுன் கேள்வி கேட்டு, புரிந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எந்த ஊரிலும் எந்தத் தாயும் ‘புரிஞ்சுதுங்க’ என்றுதான் சொல்வார். ‘வீட்டுக்குப் போய் முதல்ல என்ன செய்வீங்க?’ என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். வெளிநோயாளிகள் வரிசை நீண்டு நிற்கும் காலையில் அந்த ஐந்து நிமிடம் முதலில் காணாமல் போகிறது. நான் செவிலியர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் சுமக்கும் பதிவேடுகளின் எடை எனக்குத் தெரியும். ஆனால் சென்னையில் அந்த ஐந்து நிமிடம் விட்டுப்போனால் தாய் மறுநாளே திரும்பி வந்து கேட்கலாம். திண்ணனூர் நாட்டில் விட்டுப்போனால் போனதுதான்.

சரி, அந்த ஐந்து நிமிடத்தில் என்ன சொல்லித்தர வேண்டும்?

முதலில் கை. ஆயாவின் கை, நகக்கண் வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிய கை. மிளகு உதிர்த்த கையும் மிளகாய் கிள்ளிய கையும் குழந்தையின் கண்ணுக்குப் போனால் என்ன ஆகும் என்று மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமியும் அப்படித்தான் போகிறது என்று சொன்னால் போதும்.

அடுத்தது தண்ணீர். கொதிக்கவைத்து ஆறவைத்தது, ஒரு சுத்தமான கிண்ணத்தில். பஞ்சு, அல்லது நன்றாகத் துவைத்து வெயிலில் காய்ந்த மெல்லிய வேட்டித் துணி, சின்னச் சின்னத் துண்டாக. குழந்தை கண்ணை மூடியிருக்கட்டும். பொருக்கை நகத்தால் பிய்க்கக் கூடாது. இமைமுடி பிய்ந்து வரும், குழந்தை அதற்குப் பிறகு யாரையும் கண்ணிடம் அண்டவிடாது. நனைத்த துணியை மூடிய இமைமேல் ஒரு நிமிடம் வைத்திருந்தால் பொருக்கு தானாக ஊறி இளகும். பிறகு மூக்கோரத்தில் தொடங்கிக் காதோரம் நோக்கி ஒரே இழுப்பு. அந்தத் துண்டை எறிந்துவிட வேண்டும். அடுத்த துடைப்புக்கு அடுத்த துண்டு. அடுத்த கண்ணுக்கும் புதுத் துண்டு. முந்தானையால் துடைப்பது தாயின் இயல்பு. அந்த முந்தானைதான் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கும், தம்பியிடமிருந்து அக்காவுக்கும் நோயைக் கொண்டுபோகிறது.

இவ்வளவுதான் பாதி வைத்தியம். பீளை மூடிய கண்ணில் எந்த மருந்தை விட்டாலும் அது பீளையோடு வழிந்துவிடும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மருந்து களிம்பாக இருந்தால், கீழ் இமையை விரலால் மெல்லக் கீழே இழுத்தால் உள்ளே ஒரு சின்னப் பை போலத் தெரியும். அந்தப் பையில் ஓர் அரிசி அளவு களிம்பு. முன்பு சொன்ன ஒருங்கிணைந்த முறையின் கையேடு சொல்வது 1 சதவீத டெட்ராசைக்ளின் களிம்பு. நம் ஊரில் அதிகம் புழங்குவது குளோராம்பெனிகால் களிம்பும் சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டும். குளோராம்பெனிகாலைச் சின்னக் குளிகைக்குள் அடைத்து, ஒரு வேளைக்கு ஒன்றாக வெட்டிப் பிதுக்கும்படி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் பல பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அது நல்ல ஏற்பாடு. மிச்சம் வைக்க முடியாது. எந்த மருந்து, எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதைப் பார்த்துச் சொல்பவர் மருத்துவரோ செவிலியரோதான். போடுவது ஆயா.

சொட்டு மருந்தில்தான் நான் தோற்றேன். அதற்கு ஓர் எளிய வழி இருப்பதைப் பிறகு ஒரு செவிலியர் சொல்லித் தெரிந்துகொண்டேன். குழந்தையின் கண்ணைத் திறக்கவே வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூக்கோரமாகக் கண்ணின் குழியில் ஒரு சொட்டு விட வேண்டும். பிறகு ‘இப்ப கண்ணைத் திற பாக்கலாம்’ என்றால் மருந்து தானாக உள்ளே இறங்கிவிடும். தூங்கும் குழந்தைக்கும் இப்படியே விடலாம், கீழ் இமையை லேசாக இழுத்தால் போதும். குப்பியின் முனை எங்கும் படாது. ஒரு சொட்டுக்கு மேல் தேவையும் இல்லை. குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டே கண் தாங்கும் அளவைவிட அதிகம். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் போன வருஷத்துக் குப்பியை அன்போடு மறுத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். பல வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது தாய் இல்லை, ஆயாதான். தாய் தகப்பன் தோட்டத்து வேலைக்கு வெளியூர் போய்விடும் மாதங்களில் ஆயாவேதான் எல்லாம். ஆயாவுக்கு வெள்ளெழுத்து. கிட்டத்தில் இருக்கும் எதுவும் மங்கல். இமையோரத்துப் பைக்குள் அரிசி அளவு களிம்பு வைக்கச் சொல்கிறோம். அவருக்குக் குழந்தையின் இமைமுடியே தெரியவில்லை. காதுச் சொட்டுக் குப்பியும் கண் சொட்டுக் குப்பியும் ஒரே அளவு, ஒரே வெள்ளை நிறம். எழுத்து எறும்பு அளவு. பேரனின் கண்ணைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் ஆயாவுக்கு ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கித்தர வேண்டும். இதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. அங்கன்வாடியில் நடக்கும் கூட்டத்துக்குத் தாய்மாரை மட்டும் அழைக்காமல் ஆயாக்களையும் அழைத்தால் இது முதல் நாளே தெரிந்துவிடும்.

எதை விடக் கூடாது

தாய்ப்பால், நந்தியாவட்டை, விளக்கெண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, தும்பைச் சாறு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பாட்டியின் அக்கறை இருக்கிறது. ‘மூடநம்பிக்கை’ என்று அதட்டினால் அந்தப் பாட்டி அடுத்த முறை நம்மிடம் சொல்லாமல் விடுவார். காரணத்தைச் சொல்ல வேண்டும். கண்ணின் கருவிழி கண்ணாடி போல ஒரு மெல்லிய தோல். அதில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் அது தெளிவாக இருக்கிறது. அதனாலேயே அது தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வலுவும் குறைவு. சுத்தமில்லாத எது பட்டாலும், அதிலும் ஏற்கெனவே கீறல் இருந்தால், புண்ணாகும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு விழும். ‘கண்ணுல பூ விழுந்திருச்சு’ என்று நாம் சொல்வது அதைத்தான். பூ விழுந்த கண்ணுக்கு இமைக்குள் வைக்கும் எந்த இலையும் பார்வையைத் திருப்பித் தராது.

சாமையும் தினையும் அடித்துத் தூற்றும் களத்தில் உமி பறக்கிறது. கண்ணில் விழுந்ததை நாக்கு நுனியால் எடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. வாயில் இருக்கும் கிருமிகள் கீறல்பட்ட கருவிழிக்கு நேராகப் போகின்றன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-ன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அதற்கு முன் கண்ணில் ஏதோ ஒரு காயம். பரிசோதனையில் கிருமி தென்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புண்ணில் இருந்தது பூஞ்சை. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996-ல் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைவிட இது பத்து மடங்கு.

இதைக் கிராமத்திலேயே தடுக்க முடியுமா என்று நேபாளத்தின் பக்தபூரில் முயன்றார்கள். 34,902 பேர் வாழும் பகுதி. ஊர் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு சின்ன டார்ச்சும் நிறமித் தாளும் குளோராம்பெனிகால் களிம்பும் கொடுத்துப் பழக்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் கருவிழியில் சிராய்ப்போடு 442 பேர் வந்தார்கள். 424 பேருக்குத் தொற்று இல்லாமல் ஆறியது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்டவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 2001-ல் வெளிவந்த இந்த முடிவு அப்போது பெரிய நம்பிக்கையைத் தந்தது. பின்னாளில் அதே நாட்டில் இன்னும் பெரிய அளவில் செய்துபார்த்தபோது இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அதில் தெரிவது, களிம்பைக் கிராமத்தில் வைத்தால் மட்டும் போதாது, அடிபட்டவர் அதே நாளில் அதைத் தேடி வரவும் வேண்டும் என்பது. உமி விழுந்த பிள்ளையின் கண்ணைக் கசக்கவிடாமல், சுத்தமான தண்ணீரை வழியவிட்டுக் கழுவி, அன்றைக்கே செம்மேட்டுக்குக் கூட்டிப்போகும் ஆயா இல்லாமல் எந்தத் திட்டமும் நிற்காது.

கிராமத்து மருந்தைவிட எனக்குப் பெரிய பயம் மருந்துக் கடையில் இருந்து வருகிறது. ‘கண்ணு செவந்திருக்கு, ஏதாவது சொட்டு குடுங்க’ என்று கேட்டால் கையில் வருவது சில சமயம் ஸ்டீராய்டு கலந்ததாக இருக்கும். குப்பியில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று அச்சிட்டிருக்கும். விட்டதும் சிவப்பு மாயமாக இறங்கும். அதனால் அதைத் தந்தவர் மேல் நம்பிக்கை வரும். உள்ளே பூஞ்சையோ அக்கி வைரஸோ இருந்தால் ஸ்டீராய்டு அதற்கு வழிவிட்டு, கருவிழியைக் கரையவிடும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் புரையும் குழந்தைக்கே வரும். மருத்துவர் பார்த்து எழுதாமல் அந்தக் குப்பி எந்த வீட்டுக்குள்ளும் வரக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

மெட்ராஸ் ஐ

ஒரு நோய்க்கே நம் ஊர் பெயர். 1918-ல் சென்னையில் முதலில் அடையாளம் காணப்பட்டதால் அந்தப் பெயர் என்று சொல்லப்படுகிறது. 2022 நவம்பரில் மாநிலத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மெட்ராஸ் ஐ வந்திருப்பதாகச் சுகாதாரத் துறை அமைச்சர் அறிவித்தது நினைவிருக்கும்.

பெரும்பாலும் அடினோ வைரஸ்தான் காரணம். வைரஸ் என்பதால் கிருமிக்கொல்லிச் சொட்டு அதைக் கொல்லாது. ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போகும். பீளை கெட்டியாகவும் மஞ்சளாகவும் இருந்தால் பாக்டீரியா, நீர் நீராக வடிந்தால் வைரஸ் என்று பொதுவாகச் சொல்வார்கள். குழந்தைகளிடம் இந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. வைரஸுக்கு வீட்டில் செய்ய வேண்டியது சுத்தம், குளிர்ந்த ஒத்தடம், தனித் துண்டு, தனித் தலையணை உறை. நோயாளியைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது தவறு. கையும் துணியும்தான் கொண்டுபோகின்றன. ஒரே பாயில் நாலு பிள்ளைகள் படுக்கும் வீட்டில் ‘தனியாக வைத்திருங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவதில் பொருளில்லை. கண்வலிக்காரப் பிள்ளை ஓரத்தில் படுக்கட்டும், அதன் துண்டு கொடியின் கடைசியில் தனியாகக் காயட்டும் என்று சொன்னால் செய்ய முடியும்.

பச்சைக் குழந்தையின் கண்

மேலே சொன்ன எதுவும், பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்குப் பொருந்தாது. பச்சைக் குழந்தையின் இமை வீங்கி, கண்ணில் சீழ் வந்தால் வீட்டில் ஒன்றும் செய்யாமல் அன்றைக்கே மருத்துவமனை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் வெட்டைக் கிருமி இரண்டே நாளில் கருவிழியைத் துளைத்துவிடும். 1880-ல் ஜெர்மனியின் லைப்ஸிக்கில் கிரெடே என்ற மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட ஆரம்பித்த பிறகுதான் ஐரோப்பாவில் இதனால் வந்த பார்வையிழப்பு மளமளவென்று இறங்கியது.

நம்மிடம் இதற்கு ஒரு நல்ல கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் எல்லா ஊரிலும் இல்லை. மலைப் பகுதிகளிலும் பழங்குடியினர் பகுதிகளிலும்தான் முக்கியமாக நியமித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை அவர்கள் 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி ஊர்ப் பெண்களைப் பழக்கிச் செய்துகாட்டிய முறையிலிருந்து வளர்ந்தது இந்தத் திட்டம். படிப்பு அதிகமில்லாத பெண்களும் சரியான பழக்கம் இருந்தால் பச்சைக் குழந்தையைக் காப்பாற்ற முடியும் என்று அவர்கள் 1999-ல் உலகுக்குக் காட்டினார்கள். அந்த ஆறு வருகையிலும் தொப்புளைப் பார்க்கும்போதே கண்ணையும் பார்த்துவிடலாம். மை தீட்டியிருந்தால் அதையும் பேசிவிடலாம். திருஷ்டிக்கு மை வேண்டுமென்றால் கன்னத்தில் வையுங்கள், உள்ளங்காலில் வையுங்கள், இமைக்குள் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கண் வெள்ளையாகவே இருக்கிறது, சிவப்பில்லை, வீக்கமில்லை. ஆனால் ஒரு கண்ணில் மட்டும் எந்நேரமும் நீர் ததும்புகிறது, காலையில் கொஞ்சம் பீளை. நூற்றில் ஐந்தாறு குழந்தைகளுக்காவது இது இருக்கும். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஒரு மெல்லிய சவ்வு இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். மருத்துவர் ஒருமுறை பார்த்து அதுதான் என்று சொல்லிவிட்டால், மருந்தைவிட விரல்தான் வேலை செய்கிறது. சுண்டுவிரல் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் பட்டாணி போலத் தட்டுப்படும் இடத்தில் வைத்து, மூக்கை ஒட்டிக் கீழ்நோக்கி அழுத்தி இழுக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து இழுப்பு, தினமும் மூன்று நான்கு தடவை. 1923-ல் கிரிக்லர் என்ற மருத்துவர் எழுதிய முறை இது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாளுக்குள் குழாய் திறந்துவிடுகிறது. குளிப்பாட்டும்போது பிள்ளையின் மூக்கை நீவிவிடும் கை நம் ஆயாக்களுடையது. அந்தக் கையை அரை அங்குலம் மேலே நகர்த்தினால் போதும்.

அம்மை கண்ட வீடு

அம்மை கண்டால் நம் வீடுகளில் வேப்பிலை செருகுவோம். ஆத்தா வந்திருக்கிறாள், ஊசி மருந்து கூடாது என்பார்கள். வேப்பிலைக்கும் எனக்கும் சண்டையில்லை. ஆனால் தட்டம்மையில் சிவந்து, வெளிச்சம் கூசி, நீர் வடியும் கண் சாதாரணக் கண்வலி அல்ல. உடம்பில் ஏற்கெனவே வைட்டமின் ஏ குறைந்திருக்கும் பிள்ளையிடம் தட்டம்மை மிச்சத்தையும் உறிஞ்சிவிடும். கருவிழி காய்ந்து, சில நாளிலேயே உருகிப்போகலாம். தடுப்பூசி பரவலாகும் வரை உலகெங்கும் பிள்ளைகளின் பார்வையைப் பறித்ததில் இதற்குப் பெரிய பங்கு. தட்டம்மை கண்ட பிள்ளைக்கு மருத்துவமனையில் வைட்டமின் ஏ அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுப்பார்கள். அதற்காகவாவது போக வேண்டும்.

வைட்டமின் ஏ-யின் வலிமையை நிரூபித்ததில் தமிழ்நாட்டு ஊர்ப் பெண்களுக்கு ஒரு பங்கு உண்டு. டாக்டர் லைலா ரஹ்மத்துல்லா தலைமையில் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1990-ல் வெளிவந்தது. ஊர்த் தொண்டர்கள் வாரா வாரம் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்கள். வைட்டமின் ஏ கிடைத்த குழந்தைகளிடம் இறப்பு 54 சதவீதம் குறைந்தது. இன்று 9-ம் மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட் என்று ஐந்து வயது வரை ஒன்பது தவணை கொடுக்கிறார்கள். கூடவே கொல்லிமலையில் விளையும் பப்பாளியும் வீட்டுக் கொல்லை முருங்கைக் கீரையும் பிள்ளையின் தட்டுக்கு வர வேண்டும்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்புவது? ஆயா மனசில் வைத்துக்கொள்ளும்படி சொல்கிறேன். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால். பிள்ளை வெளிச்சம் தாங்காமல் மூலையில் முகம் புதைத்தால். காய்ச்சலோடு இமை வீங்கி, கண் பிதுங்கினாலோ கண்ணை அசைக்க முடியாவிட்டாலோ. இது ராத்திரியானாலும் 108. கண்ணில் குச்சி, உமி, சுண்ணாம்பு, பூச்சிமருந்து பட்டிருந்தால். சுண்ணாம்பும் பூச்சிமருந்தும் என்றால் கிளம்புமுன் கால் மணி நேரமாவது தண்ணீரை வழியவிட்டுக் கழுவிவிட்டு. சரியாக மருந்து போட்டும் இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால். இன்னொன்று, இது தொற்றே இல்லை; ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: போன் ஃபிளாஷில் எடுத்த படத்தில் ஒரு கண்ணின் பாவை மட்டும் வெள்ளையாகப் பளபளத்தால், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அது கண் புற்றாக இருக்கலாம்.

மூன்று வயதுக் கண்ணுக்கு வருகிறேன். இந்த முறை ஆயா பக்கத்து வீட்டுக்குப் போகாமல், ஊருக்கு வந்த செவிலியரிடம் பிள்ளையைத் தூக்கிப்போனதாக வைத்துக்கொள்வோம். செவிலியர் டார்ச் அடித்துப் பார்க்கிறார். கருவிழி தெளிவாக இருக்கிறது. களிம்பை எடுத்து ஒரு கண்ணுக்குப் போட்டுக் காட்டுகிறார்.

‘‘ஆயா, அந்தக் கண்ணுக்கு நீங்க போடுங்க, நான் பாக்கறேன்.’’

‘‘எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்மா.’’

செவிலியர் தன் மேஜையில் இருந்த வெள்ளெழுத்துக் கண்ணாடியை எடுத்துக் கொடுக்கிறார். ஆயா கையைக் கழுவுகிறார். மடியில் பிள்ளையின் தலையை வைத்துக்கொண்டு, கீழ் இமையை இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிதுக்குகிறார். கொஞ்சம் அதிகமாகத்தான் விழுந்தது. பரவாயில்லை.

‘‘ஒரு நாளைக்கு எத்தனை வேளை ஆயா?’’

‘‘நாலு.’’

‘‘எப்படி ஞாபகம் வெச்சுக்குவீங்க?’’

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்குப் போய் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் ஒரு கோடு இழுக்கிறார். மத்தியானம் இரண்டாவது கோடு. ஐந்தாம் நாள் சாயங்காலம், நாலு நாலாக, சுவரில் இருபது கோடுகள்.

கொடியின் கடைசியில் சின்னத் துண்டு ஒன்று தனியாகக் காய்கிறது.